பிரிண்டரின் கண்ணைத் திறக்க ஒரு பூசாரி

அவைக்குத் தலைமை ஏற்று, கையில் மணியோடு காத்திருக்கும் ஐயா துளசிராம் அவர்களே, தல்லாகுளத்து வெயிலைத் தாண்டி வந்து தகரக் கூரையின் கீழ்த் தவம் இருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அறிவைத் தேடி வந்த தாய்மார்களே, எனக்கு முன் இடியாய் முழங்கி இறங்கிய சாய்பிரசாத் அண்ணே, அனைவருக்கும் ரம்யாஸ்ரீயின் வணக்கம்.

கணினிப் பயனாளர் மன்றம் இன்று கேட்கும் கேள்வி: கணினிக்கு வேண்டியது எளிமையா, எல்லாவற்றையும் கைப்பட அமைக்கும் உரிமையா? அண்ணன் சொல்லிவிட்டார், பொத்தானை அழுத்துபவன் அடிமை. கட்டளையைத் தட்டுபவன் வீரன். அடடா! வாளெடுத்தவர் வீரர் என்ற காலம் போய், வரி தட்டியவர் வீரர் என்ற காலம் வந்துவிட்டது!

அப்படி ஒரு வீரரை நான் அறிவேன். பெயர் கிரிதரன். நீதிமன்றத்துக்கு எதிரே தட்டச்சுக் கடை வைத்திருக்கும் சின்னத்தாய் அக்காவின் கணினியைத் துடைத்து, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, ஒவ்வொன்றையும் தம் கையால் அமைத்துத் தந்தார். இலவசம்! விடுதலை! ஒரே ஒரு சிறு குறை. தினமும் காலையில் அவரே வந்து கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால்தான் பிரிண்டர் கண் திறக்கும். பூசாரி வராமல் நடை திறக்குமா? வந்தார், தட்டினார், வடை தின்றார், போனார்.

அக்கா கேட்டார்: "ஏந்தம்பி, அந்த வரிய எனக்கும் சொல்லித் தாயேன். இல்லாட்டி ஒரு பட்டனாச்சும் வச்சிரு."

"பட்டனா? அது சட்டைக்குத்தேன் அக்கா. இதெல்லாம் அடியில இருந்து படிக்கணும். ஒரு வருசம் ஆகும்."

சிரிக்கிறீர்கள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பூசாரியைக் காணோம். ஏன்? கோரிப்பாளையம் சந்திப்பில் வண்டியை நிறுத்திய காவலரிடம், சிக்னலுக்கு எப்படி நேரம் பிரிக்க வேண்டும் என்று வகுப்பெடுத்திருக்கிறார்! அதையும் கைப்பட அமைக்க வேண்டும் அல்லவா? வாய்ச்சண்டை கைச்சண்டை ஆயிற்று. காவலரின் தொப்பி சாலையில் உருண்டது. மதியத்துக்குள் வழக்கு, நீதிமன்றம், காவல். மாலைக்குள் ஜாமீன் மனு போகாவிட்டால் சனியும் ஞாயிறும் சிறைச்சோறு. அவருடைய வக்கீல் பத்மாசினி மனுவைத் தட்டச்சு செய்ய எங்கே ஓடினார்? சின்னத்தாய் அக்கா கடைக்கு!

ஆம் பின்வரிசை அண்ணே, நீங்கள் நினைப்பதேதான்!

அக்கா பிரிண்ட் கொடுத்தார். பிரிண்டர் பேசவில்லை. மறுபடி கொடுத்தார். மறுபடி, மறுபடி. அந்த வரியைக் கேட்டு வர வக்கீல் நீதிமன்ற வராந்தாவுக்கே ஓடினார். போலீஸ் நடுவே நின்ற வீரர் வாயைத் திறந்தார்: "எல்லாம் சின்ன எழுத்து மேடம். அப்புறம் ஒரு கோடு. இந்தப் பக்கம் சாயாது, அந்தப் பக்கம் சாயும்..."

"என்னய்யா மந்திரம் ஓதுற? வேன்ல ஏறு!" என்றார் ஏட்டு.

பாதி வரி வக்கீலின் கையில். மீதி வரி வேனில்.

எளிமைக் கட்சிக்காரர்களே, நீங்கள் துள்ள வேண்டாம்! வக்கீல் அடுத்து ஓடியது பக்கத்துக் கடைக்கு. அங்கே எங்கு தொட்டாலும் பொத்தான், பளபளப்பு, பாட்டு வேறு. மனு பாதி வளர்ந்தபோது ஒரு பெட்டி எழுந்தது: 'ஏதோ பிழை.' என்ன பிழை? சொல்லாது. கீழே ஒரே பொத்தான்: 'ஓகே.' மனுவைத் தின்றுவிட்டு, அதற்கு நம்மிடமே ஒப்புதல் கேட்கும் உபசரிப்பு!

கடைசியில் வக்கீல் பேனாவை எடுத்துக் கையால் எழுதினார். கொண்டு போவதற்குள் நீதிபதி அன்றைய வேலையை முடித்து எழுந்துவிட்டார்.

திங்கள் மாலை ஜாமீனில் வெளிவந்த கிரிதரன் நேரே அக்கா கடைக்கு வந்தார். "அக்கா, என் சிஸ்டத்துல யாரும் கை வைக்கலையே?"

"ஒன் சிஸ்டமா? ஒக்காரு. பட்டன வச்சிட்டு எந்திரி."

"அது அம்புட்டு லேசு இல்லக்கா..."

"நீ உள்ள இருந்தியே, அது லேசா இருந்துச்சா? ஒக்காருடா!"

உட்கார்ந்தார். முன்னால் வைத்த டீ ஆறுவதற்குள் திரையில் ஒரு பொத்தான் முளைத்தது. ஒரு வருடம் படிக்க வேண்டிய வித்தை, ஒரு டீ ஆறுவதற்குள்! கேட்கிறேன்: கடினம் கணினியில் இருந்ததா, கிரிதரனின் கர்வத்தில் இருந்ததா?

அமைக்கும் உரிமை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. திறந்து பார்க்க முடியாத எளிமை ஒரு சிறை. ஒருவருக்கு மட்டுமே திறக்கத் தெரிந்த விடுதலை அதைவிடப் பெரிய சிறை! ஆயிரம் திருகாணி திருகுங்கள் அண்ணே, வேண்டாம் என்றது யார்? திருகி முடித்ததும், வேலை செய்பவருக்கு வழிவிட்டு விலகுங்கள்!

அக்கா அந்தப் பொத்தானை அழுத்தினார். பிரிண்டர் கண் திறந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து உள்ளே அடைபட்டுக் கிடந்தவை எல்லாம் வெளியே வந்தன. கிரிதரனின் ஜாமீன் மனு. இன்னொரு ஜாமீன் மனு. மேலும் ஒன்று. வந்துகொண்டே இருந்தன. அக்கா அவற்றை அழகாய் அடுக்கி அவர் கையில் கொடுத்தார்:

"வச்சுக்க தம்பி. அடுத்த தடவைக்கு ஆகும்."

தலைவர் மணியைத் தட்டிவிட்டார். ஒரே தட்டு, உடனே ஓசை, அதுவல்லவா கருவி! பொறுமையோடு கேட்ட உங்கள் காதுகளுக்கும், கைவலிக்கத் தட்டிய உங்கள் கரங்களுக்கும் என் நன்றியும் வணக்கமும்.