சுளை ஆறுவதற்குள்

தண்ணீரே போதும் ஐயா. இப்போதெல்லாம் டீ குடித்தால் நெஞ்சு கரிக்கிறது.

நாங்கள் செய்வது அணுக்கரு இணைவு உலையின் கலம். ஆரஞ்சுச் சுளை மாதிரி தனித்தனியாகச் செய்து, பிறகு சேர்ப்பார்கள். ஒவ்வொரு சுளையும் இரண்டு மாடி உயரம். ஆனால் விளிம்பு மயிரிழை விலகினாலும் கழித்துவிடுவார்கள். எங்கள் முதல் சுளை அப்படித்தான் போனது. அதை வெல்டிங் செய்து பற்றவைத்தவன் நான். இதுவும் போனால் பட்டறைக்குப் பூட்டு என்றார் முதலாளி. இந்த வயதில் என்னை யார் வேலைக்குச் சேர்ப்பார்கள்? பயத்தில் சோறு இறங்கவில்லை.

அளவு பார்ப்பவன் என் மச்சினன், மனைவிக்கு ஒரே தம்பி. வீட்டுக்கு வந்தால்கூடச் சுவரில் சாய்ந்திருக்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவான்.

கடைசிப் பற்றவைப்பு முடிந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சூடு ஆறட்டும் என்றவனை வற்புறுத்தி அளக்க வைத்தேன். விளிம்பு விலகியிருந்தது.

"ரெண்டு நாள் எழுதாம வை மாப்ளே. தேச்சு சரிக்கட்டிடறேன்."

"தேச்சா சுவர் மெலிஞ்சுடும் மாமா. இருக்கறத எழுதிடறேன். ஆறினதும் மறுபடி பாக்கலாம்."

முதல் சுளைக்கும் இதையேதான் சொன்னான். அது ஆறியும் திரும்பவில்லை. கெஞ்சினேன், காலில் விழாத குறை. அவனுக்குக் கண் கலங்கியது, அவ்வளவுதான்.

"சரி மாப்ளே, எழுதறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ உள்ள போய் அளந்துடு. மொதல்ல போய் டீ குடிச்சிட்டு வா."

பற்றவைக்கும்போது எஃகு கருக்காமலிருக்க, சுளையின் திறந்த பக்கங்களை மூடி உள்ளே ஆர்கான் வாயு விடுவோம். அதற்கு நிறமில்லை, மணமில்லை. காற்றைத் தள்ளிவிட்டு அடியில் தேங்கும். உள்ளே போகிறவர் இரண்டு மூச்சில் சாய்ந்துவிடுவார். அதனால் வாயு இருக்கும்போது சுளைக்குள் ஆள் நுழையும் வாசலில் எச்சரிக்கைப் பலகை தொங்கும். அவன் போனதும் குழாயைத் திறந்தேன். பலகையை மாட்டவில்லை. விபத்து என்று அளப்பதை இரண்டு நாளாவது தள்ளிப்போடுவார்கள், அதற்குள் தேய்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அவனுக்கு வலித்திருக்காது. அதையும் யோசித்துத்தான் செய்தேன்.

திரும்பி வரும்போது எனக்கும் ஒரு டீ வாங்கி வந்தான். "ஆறிடப் போவுது, குடிங்க மாமா" என்று கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனான். நான் குடித்து முடித்த பிறகும் அவன் வெளியே வரவில்லை.

மறுநாள் சுளை முழுக்க ஆறியிருந்தது. வேறொருவர் அளந்தார். விளிம்பு இருக்க வேண்டிய இடத்தில் அப்படியே இருந்தது. தேய்க்க வேண்டிய அவசியமே இல்லை. சந்தோஷத்தில் என் மச்சினனிடம் சொல்லத்தான் முதலில் திரும்பினேன்.