மூன்று மஞ்சள் டேங்கர்கள்

மேசைமேல் குட்டி ரயில் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் சாதுக்கள். நானும் அப்படித்தான், சார். மின்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றதும் மாடியறையில் பாறசாலை ஸ்டேஷனை அப்படியே கட்டி எழுப்பினேன்.

அதில் கஷ்டமான வேலை, கூட்ஸ் வண்டிக்குப் பெட்டிகளைத் தேர்ந்தெடுப்பது. நம் பாதையில் கூட்ஸ் வருவதே அபூர்வம். வந்தால் அரிசி ஏற்றிய மூடிய பெட்டிகள். முழு வண்டியும் ஒரே இனம், ஒரே செம்பழுப்பு. இரட்டைப் பாதை வேலைக்குச் சில நாள் ஜல்லிப் பெட்டிகள் வரும். ரயில்வே கேட்டில் வெயிலில் நின்று நான் பார்த்துச் சேர்த்த உண்மை அது.

என் மனைவி ஆனந்தலட்சுமியின் தம்பி ராஜீவ், துபாயிலிருந்து திரும்பியபோது ஜெர்மன் பொம்மை டேங்கர்கள் மூன்றைக் கொண்டுவந்து தந்தான். பளபளக்கும் மஞ்சள்.

"எல்லாம் ஒரே கலரு. நடுவுல இதக் கோத்தா பாக்க ரசம் உண்டு அத்தான்," என்றான்.

அது ஏன் பொய்யாகும் என்று பொறுமையாக விளக்கினேன். சிரித்தான். டேங்கர்களை அலமாரியில் வைத்தேன். மறுவாரம் அவை வண்டியின் நடுவில் நின்றன. எடுத்தேன். மறுபடியும் நின்றன. நெய்யாற்றின்கரையிலிருந்து ரயில் பிரியர்கள் பார்க்க வந்த அன்றும் நான் கவனிப்பதற்குள் வண்டி ஓடிவிட்டது. ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் வீட்டிலேயே ராஜீவ் என்னைக் கோமாளியாக்குகிறான். கேட்டதற்கு, "நானா அத்தான்?" என்று அதே சிரிப்பு.

ராஜீவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டி திக்கினால் இரண்டு கைவிரல்களிலும் எச்சில் தொட்டு, இரு தண்டவாளங்களையும் சேர்த்துத் துடைப்பான். அதில் ஓடுவது சின்னக் கரண்ட். எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது. ஒருநாள் நான் வீட்டுக் கரண்டை நேராகத் தண்டவாளத்திலேயே விட்டேன். பிறகு கொல்லயில் ஊரில் இருந்த அவனுக்குப் போன் செய்தேன்.

"வண்டி அனங்கல்ல மக்கா, நின்ன எடத்துலயே நிக்குது. வந்து ஒண்ணு பாரு."

"இதா வாறேன் அத்தான்."

வந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டு விரல்களில் எச்சில் தொட்டான். சுவிட்ச் என் பக்கத்தில்தான் இருந்தது. அவன் அசைவு நின்றபிறகு அணைத்தேன்.

உடலை எடுத்துப்போனபின் ஆனந்தலட்சுமி மாடிக்கு வந்தாள்.

"அந்த மஞ்ச வண்டிய நானாக்கும் கோத்து வச்சேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. ஒரே கலரப் பாத்துப் பாத்து எனக்கு மடுத்துப் போச்சு," என்று அழுதாள்.

ராஜீவைக் கொன்றது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒரு பாவமும் அறியாத பிள்ளை இன்று உயிரோடு இருப்பான். அத்தனை கோபத்திலும் அவள்மேல் நான் கை வைக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார்.