ரெண்டாவது படம்

மேடையில இருக்கிற பெரியவங்களுக்கும், எதிர்ல உட்கார்ந்திருக்கிற என்கூட வேலை பார்க்கிறவங்களுக்கும் வணக்கம். எனக்கு மேடைப்பேச்சு வராது. ஸ்கேன் அறையில ஜெல் தடவுறதும் துடைக்கிறதும்தான் பதினாறு வருசமா என் வேலை. நான் துடைச்சாத்தான் படுத்திருக்கிறவங்க எழுந்திருக்கலாம்.

போட்டோவுல மாலையோட இருக்கிற நம்ம டாக்டரை முதுகுக்குப் பின்னால "மெதுவா டாக்டர்"னு சொல்லிச் சிரிச்சோமே, அந்தப் பேர் எங்கேருந்து வந்துச்சு? என் தங்கச்சியாலதான்.

அவ மார்புல ஒரு கட்டி. டாக்டர் கருவியை அழுத்திப் பிடிச்சுப் பார்த்துத் தோல்மேல குறி போட்டார். கையை எடுத்ததும் சதை பழையபடி எழும்பிடுச்சு. கட்டியும் குறிக்கு நேரா இல்லை. சோதனைக்குச் சதை எடுக்கிற ஊசி கட்டியில இறங்காம பக்கத்துல இறங்குச்சு. "பயப்பட ஒண்ணுமில்லை"ன்னு ரிப்போர்ட் வந்துச்சு.

பத்தாம் நாள் காலையில எங்க வாசல்ல வந்து நின்னார். எவ்வளவு பெரிய டாக்டர்! "அக்கா, படத்தைத் திரும்பப் பார்த்தேன். அழுத்தி அளந்துட்டேன், தப்பு என் மேலதான். தங்கச்சியை இப்பவே கூட்டிட்டு வாங்க"ன்னார். அவ முறைச்சா. "ஏன் டாக்டர், மாவு பிசையுறதா நினைச்சீங்களா?" அன்னைக்கே மறுபடி ஊசி போட்டுச் சதை எடுத்தார்; புத்துநோய்னு தெரிஞ்சுது, சீக்கிரமே வைத்தியம் பார்த்தாங்க.

தன் தப்பைத் தானே வந்து சொல்றவங்க எத்தனை பேர்? அவ மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்கா பாருங்க, உயிரோட!

அதுக்கப்புறம் சும்மா இருந்தாரா மனுசன்? கை எவ்வளவு அழுத்துதுன்னு காட்டுற பொட்டி ஒண்ணைக் கருவியில மாட்டினார். லேசா வச்சு ஒரு படம், அழுத்தி ஒரு படம். ரெண்டையும் ஒப்பிட்டு, தொடாம இருந்தா கட்டி எங்கே, எவ்வளவு பெருசுன்னு கம்ப்யூட்டர் திருத்திக் காட்டும். அதைச் சரிபார்க்க என் கையைத்தான் அமுக்கிக்கிட்டே இருப்பார். "இது கையா, தலகாணியா டாக்டர்?"னு கேட்பேன். "மெதுவாத்தான் அக்கா, இன்னும் ஒண்ணே ஒண்ணு"ம்பார்.

அவர் கண்ணை மூடி எட்டு நாள்கூட ஆகலை. நேத்து அறைக் கதவுல ஒரு காகிதம்: "ஆளுக்கு நாலு நிமிசம் கூடுது. இனி ஒரு படம் போதும்." அதுல கையெழுத்துப் போட்டவங்க இந்த மேடையிலதான் இருக்கீங்க. இப்பத்தான் அவரை வாய் நிறையப் புகழ்ந்தீங்க. வெளியே நாப்பது பேர் காத்திருக்காங்க, எனக்கும் தெரியும். அந்த நாப்பதுல யார் என் தங்கச்சி மாதிரின்னு உங்களுக்குத் தெரியுமா?

எனக்குக் கணக்குத் தெரியாது, கம்ப்யூட்டர் தெரியாது. ஆனா துணி என் கையில இருக்கு. ரெண்டாவது படம் எடுக்காம யார் மேல இருந்தும் ஜெல்லைத் துடைக்க மாட்டேன். வேலையை விட்டு நிறுத்தினா நிறுத்துங்க.

நாளைக்கு முதல் ஆள் எட்டரைக்கு வர்றாங்க. நான் எட்டு மணிக்கே நிப்பேன், டாக்டர்.