முதலில் மருந்து, பிறகு மணி

கடிகாரத்தைக் காக்க வைத்த மனிதன் உலகத்தில் ஒருவன்தான், அது நான். நான் கண்ணைக் காட்டினால் நாடு முழுவதும் ஆஸ்பத்திரிகளில் முள் நகராது. ஏழு நாட்டு மந்திரிகள் எழுந்து நின்று கைதட்டி இதை ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ளாதவன் என் மனைவியின் தம்பி மட்டும்தான்.

அவன் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் அவனுக்கு 'நிரூபி' என்று பெயர். ஆபீஸ் லிஃப்ட் பாதியில் நின்றபோது கதவைக் கையாலேயே பிளந்து பன்னிரண்டு பேரை வெளியே எடுத்தேன் என்று ஒருமுறை சொன்னேன். அந்த லிஃப்டில் எத்தனை பேர் நிற்கலாம் அத்தான் என்றுதான் முதலில் கேட்டான். ஆள் அப்படி. நான் கண், மூக்கு, காது வைத்துப் பேசுகிறவன்தான், மறுக்கவில்லை. அதைக் கிண்டிப் பார்ப்பதைவிட அவனைப் போல் ஓய்வு பெற்ற மனிதனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? ஆனால் மேடம், விசாரணைக்காக என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்களே, இந்தக் காகிதத்தில் நான் எதையும் ஊதவில்லை.

சுகாதாரத் துறையில் செப்சிஸ் தடுப்புத் திட்டத்துக்கு நான்தான் தலைமை. செப்சிஸ் என்பது வேறொன்றுமில்லை. ஒரு சின்னக் காயமோ, மூத்திரத்தில் ஒரு கிருமியோ ஆரம்பித்து வைக்கும். அதை விரட்டக் கிளம்பிய உடம்பு வெறி பிடித்துத் தன் உறுப்புகளையே அடித்து நொறுக்கும். திருடன் புகுந்தான் என்று வீட்டையே கொளுத்துகிற கதை. நேரத்துக்கு மருந்து போனால் பிழைக்கலாம். ஒவ்வொரு நாடும் இதற்கென்று ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று உலக நாடுகள் கூடிப் பேசின. நானும் ஒன்று போட்டேன். நல்ல திட்டம், இப்போதும் சொல்வேன். ஒவ்வொரு வார்டுச் சுவரிலும் ஒரு சிவப்புப் பொத்தான். செப்சிஸாக இருக்குமோ என்று சந்தேகம் வந்த உடனே நர்ஸ் அதை அமுக்க வேண்டும். அமுக்கினால் மருந்துக் கிடங்கில் மணி அடிக்கும். வார்டில் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். ஒரு மணி நேரத்துக்குள் மருந்து நரம்பில் ஏறியாக வேண்டும்.

ஏறவில்லை. கிடங்கு இருந்தது வேறு கட்டடத்தில். சாவி ஒருவரிடம், கையெழுத்துப் போடுகிறவர் இன்னொருவர், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இருக்கையில் இருந்தால் அது அதிசயம். பாதிக்குப் பாதி தாமதம். அடுத்த உலக மாநாட்டில் எந்த முகத்தோடு போய் உட்காருவது என்று மந்திரி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். வார்டுக்கு ஒரு மருந்து அலமாரி வையுங்கள் என்றேன். பார்க்கலாம் என்றார்கள். எங்கள் துறையில் 'பார்க்கலாம்' என்றால் பேரன் காலத்தில் பார்ப்பார்கள் என்று அர்த்தம்.

அப்போதுதான் எனக்கு உதித்தது. மருந்தை முன்னால் தள்ள முடியாது. மணியைப் பின்னால் தள்ளலாமே.

பயிற்சி வகுப்புகளில் வாய்வார்த்தையாகத்தான் சொன்னேன். முதலில் மருந்தை வரவழையுங்கள், ஊசியில் ஏற்றிக்கொள்ளுங்கள், பிறகு பொத்தானை அமுக்குங்கள். குழந்தை பிறந்த பிறகுதானே வயதை எண்ணுகிறோம் என்றேன். வகுப்பே சிரித்தது. சிரிக்காதவர் பெரிய ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ். பெரிய சிஸ்டர் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். மணி அடிக்காவிட்டால் இது அவசரம் என்று கிடங்குக்கு எப்படித் தெரியும், தலைவலி மாத்திரையோடு சேர்ந்து அதுவும் ஆடி அசைந்துதானே வரும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அது எனக்கும் தெரியும். முன்பு தாமதமாக வந்தது இனிமேல் இன்னும் தாமதமாகத்தான் வரும்.

"சிஸ்டர், கடிகாரமே காத்திருக்குது. நோயாளி காத்திருக்க மாட்டாரா?" என்றேன்.

மறுபடியும் சிரிப்பு. அவர் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வருடம் நூற்றுக்கு நூறு. ஒரு நோயாளிக்குக்கூட ஒரு மணி நேரம் தாண்டவில்லை. சாவு கூடியதே என்று நீங்கள் கேட்டீர்கள். கூடியது. ஆனால் அதில் முக்கால்வாசிப் பேர் மருந்து வருமுன்பே போனவர்கள், அவர்களுக்கு மணியே அடிக்கவில்லை. மணி அடிக்காதவர் என் திட்டத்துக்குள் வந்தவரே அல்ல. அடுத்த வீட்டுச் சாவுக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்? வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். அதே பொத்தானைத் தங்கள் ஊர்ச் சுவர்களிலும் மாட்டினார்கள். தேநீர் வேளையில் காதோடு காதாக முறையையும் கேட்டுக்கொண்டு போனார்கள்.

மாநாட்டு மேடையில் நான் நின்ற அன்றைக்குத்தான் என் மனைவிக்குக் குளிர் ஜுரம் கண்டது. மூத்திரத் தொற்று. மைத்துனன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். பெரிய சிஸ்டரின் வார்டு. தொலைபேசியில் விவரம் வந்தபோது எனக்குக் கவலையே வரவில்லை. என் ஆஸ்பத்திரி, என் திட்டம், நான் பழக்கிய ஆள். நிம்மதியாகப் போய்ப் பேசினேன். கைதட்டல் அடங்கவே நேரம் பிடித்தது.

இங்கேதான் மேடம், எனக்குத் துரோகம் நடந்தது. படுத்திருப்பது யார் என்று பெரிய சிஸ்டருக்குத் தெரியும். முகத்தைப் பார்த்தாவது அமுக்கியிருக்கலாம். ஊருக்குச் சொன்ன உபதேசத்தை என் வீட்டுக்கும் செய்வார்களா? எங்கே வளைய வேண்டும் என்று தெரிய வேண்டாமா? அவர் மருந்து கைக்கு வரும்வரை பொத்தானைத் தொடவில்லை. மத்தியானம் போனவளுக்கு விளக்குப் போட்ட பிறகுதான் மருந்து வந்தது. வந்ததும் அமுக்கினார். நாலே நிமிடத்தில் ஊசி ஏறிவிட்டது. நாட்டிலேயே இன்றுவரை அதுதான் சாதனை. நான் விமானம் ஏறுவதற்குள் என் மனைவி போய்விட்டாள். என் திட்டம் என்னைக் கைவிடவில்லை. நம்பிய மனுஷிதான் கைவிட்டார்.

அதோடு விட்டாரா? உங்கள் விசாரணையில் எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். யார் சொல்லிக் கொடுத்தால் என்ன, அமுக்காதது என் விரல்தானே என்றாராம். அவரை வேலையைவிட்டு அனுப்பி, ஒரு வார்டில் நடந்த தவறு என்று கோப்பை மூடப் பார்த்தீர்கள். என் மூளையில் உதித்ததை இன்னொருவர் பெயரில் எழுதுவதா? அதனால்தான் யாரும் அழைக்காமல் நானே உங்கள் அலுவலகப் படி ஏறினேன்.

நீங்கள் நம்பவில்லை. எழுத்தில் ஒன்றும் இல்லை. வகுப்பில் சிரித்தவர்கள் எல்லாருக்கும் ஒரே நாளில் ஞாபகமறதி வந்துவிட்டது. என் மைத்துனனைக் கேட்டீர்கள். அத்தான் எதையும் பெரிசாத்தான் சொல்வாரு, லிஃப்ட் கதவையே பிளந்தவராச்சே என்று சொல்லிவிட்டான். பெரிய சிஸ்டரின் வேலையும், இன்னும் சுவரில் இருக்கிற அத்தனை பொத்தான்களும் அவன் ஒருவன் வாயில் தொங்கின.

நேற்று அவனை மறுபடி அழைத்து, என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தீர்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் என் வாக்குமூலத்தில் இதுவும் இருக்கட்டும். உங்கள் மேசைக் கண்ணாடியைப் பார்த்தபடியே அவன் ஆரம்பித்தான்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் மேடம். அக்கா பல்லைக் கடிச்சுக்கிட்டு நடுங்கிட்டிருந்தா. சிஸ்டர் பட்டன்கிட்ட போறாங்க, கையைத் தூக்கறாங்க, இறக்கறாங்க. அமுக்குங்கம்மான்னு கெஞ்சினேன். மருந்து வரட்டும், சார் அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காருன்னாங்க. எந்த சாருன்னு நான் கேக்கல."

கேட்டிருக்கலாமே என்றேன். அவன் உங்களைப் பார்த்தே தொடர்ந்தான்.

"அக்காதான் என்னைச் சமாதானப்படுத்தினா. பதறாதடா, உங்க அத்தான் போட்ட திட்டம், ஒரு மணி நேரத்துல மருந்து வந்துரும்னா. வாய் குழறுற வரைக்கும் அதையேதான் சொல்லிட்டிருந்தா. இவரு வந்து நான்தான்னு ஒத்துக்கிட்டப்பவும் புளுகுறாருன்னே நெனச்சுக்கிட்டேன். இல்லன்னா இவரு பக்கத்துல உக்காந்து எப்படி மேடம் சோறு திங்கிறது?"

நீங்கள் பேனாவை எடுத்தீர்கள். இத்தனை வருடத்தில் என் பேச்சு ஒன்றை அவன் நம்பியது அதுதான் முதல் தடவை. என் மனசு குளிர்ந்துபோயிற்று, மறைப்பானேன்.

"எழுதிக்குங்க," என்றான் அவன். "இவரு சொன்னது அத்தனையும் நடந்தது."