மேட்டுப் பக்கம் ஒரு கால்

தானா ராத்தா டவுனுக்குப் போகும் பஸ்ஸில் மகனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர், மோட்டார் சைக்கிள் வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மோட்டார் ஓடுறப்ப கால் தரைய எதுக்குக்கா தொடணும்?" என்றாள் இளையவள்.

ஒட்டுக்கேட்பது சரியில்லைதான். ஆனாலும் கேட்டேன்.

"நிறுத்துறப்ப வேணாமா? மொத மொதலா வாங்குற. ரோட்டுலயும் காட்டுலயும் ஓடுற அந்த மோட்டார் சீட்டு உன் இடுப்புக்கு மேல நிக்குதுடி. சாதா மோட்டார் வாங்கேன்."

"மழை பேஞ்சா மேல்மலை மண் ரோட்டுல சாதா மோட்டார் ஏறாதுக்கா. நான் மேல போகலன்னா இந்தக் கங்காணி வேலைய மேனேஜர் வேற ஆளுக்குக் கொடுத்துடுவாரு."

"கால் எட்டாம விழுந்தா?"

"நம்ம எஸ்டேட்ல சமதரை எங்க இருக்கு? எங்க நிறுத்தினாலும் ஒரு பக்கம் மேடுதான். அந்தப் பக்கம் ஒரு கால் எட்டினா போதும் லா."

மூத்தவள் சிரித்துவிட்டாள். "மோட்டார் கடையில தரை சிமெண்டுடி. அங்க எப்படி ஏறிக் காட்டுவ?"

எனக்கே கவலையாகிவிட்டது.

மோட்டார் கடைக்கு முன்னால் பஸ் நின்றது. இருவரும் இறங்கினார்கள். சன்னல் வழியாகப் பார்த்தேன். இளையவள் நடைபாதை விளிம்பில் ஒரு காலும் சாலையில் ஒரு காலுமாக நின்று பார்த்தாள்.

"அக்கா, மோட்டார வெளிய கொண்டாந்து இப்படி ஓரமா நிறுத்தச் சொல்லு."