சுவருக்கு இந்தப் பக்கம்

— அந்த முனையப் பிடி சின்னு. சுவத்தப் பாத்துக்கிட்டே நின்னா போர்வை தானா மடிஞ்சுக்குமா?

— பிடிச்சுக்கிட்டுத்தான் அண்ணி இருக்கேன்.

— கை பிடிச்சிருக்கு. ஆளு இன்னும் ஊர் வந்து சேரல. வந்த நாள்லேருந்து பேயறைஞ்ச மாதிரி சுத்திக்கிட்டிருக்க.

— அசதி. வேற ஒண்ணுமில்ல.

— அசதி எனக்குல்ல இருக்கணும்? நீ அங்க கூத்தடிச்ச மூணு நாளும் உங்கம்மாவப் புரட்டிப் போட்டு, துடைச்சு, இந்தப் போர்வையெல்லாம் துவைச்சுப் போட்டவ நான். ரெண்டு ஆளு மடிக்கிறத ஒத்தையா தாடையில இடுக்கிக்கிட்டு மடிச்சேன். இன்னும் கழுத்து திரும்ப மாட்டேங்குது.

— கூத்தில்ல அண்ணி. அந்தக் கப்பல் தொடர் பாக்கிறவங்க வருஷத்துக்கு ஒரு தடவை கூடுறதுன்னு சொன்னேன்ல.

— தெரியும் தெரியும். வானத்துல கப்பல் ஓட்டுவாங்க. அந்தத் தொடரு முடிஞ்சு எத்தனையோ வருஷமாச்சு, உனக்குத்தான் இன்னும் முடியல. அப்படி என்னதான்டி இருக்கு அங்க?

— என்ன இருக்கு... ஒரு பழைய மண்டபம். ஏசி ஓடல. டீ ஆறிப் போயிருந்துச்சு.

— விளங்கிடும். இதுக்கா மாஞ்சு மாஞ்சு அந்தக் கப்பல்காரங்க மாதிரி வேஷத்துணி தைச்சுக்கிட்டுப் போன?

— அங்க ஒரு வழக்கம் அண்ணி. எந்த மேஜையா இருந்தாலும் ஒரு நாற்காலியக் காலியா விட்டு, கொஞ்சம் வெளிய இழுத்து வெச்சிருப்பாங்க. தனியா வந்தவங்க யாரு வேணா உக்காரலாம், கேக்கவே வேணாம். உக்காந்தா ஊரு கேக்க மாட்டாங்க, என்ன வேலை, ஏன் இன்னும் கல்யாணம் ஆகலன்னு கேக்க மாட்டாங்க. 'உனக்கு எந்தப் பாகம் பிடிக்கும்'னு அது ஒண்ணுதான் கேப்பாங்க. நான் முதல்ல வாசல்லயே பம்மிக்கிட்டு நின்னேன். கொஞ்ச நேரத்துல பாத்தா, ஒரு பல் டாக்டர் அக்காவுக்கும் ஒரு லாரி டிரைவருக்கும் நடுவுல உக்காந்து சண்டை போட்டுக்கிட்டிருக்கேன்.

— நீயா? சண்டையா? இங்க வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னுல்ல இருப்ப.

— தலையில நிஜத் திருகாணியக் கோத்து கிளிப் மாட்டிக்கிட்டுப் போயிருந்தேன். அதனால திருகாணின்னே பேரு வெச்சுட்டாங்க.

— கழண்டதா, கழலாததா?

— சிரிங்க சிரிங்க. கடைசி நாள் நாற்காலியெல்லாம் அடுக்கி வெச்ச பிறகும் யாரும் கிளம்பல அண்ணி. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்தாங்க. ஒரு பஸ்ஸ விட்டு, இன்னொரு பஸ்ஸயும் விட்டு... இங்க வந்து இறங்குனா, யாரும் என்னத் திருகாணின்னு கூப்பிடல. வேலைக்குப் போயி டிக்கெட் கவுன்டர்ல உக்காந்தா அந்த ஓட்டை வழியா வெறும் கைதான் தெரியுது. மத்தியானம் சாப்பாட்டு ரூம்ல, அதே பழக்கத்துல, பக்கத்து நாற்காலிய இழுத்துப் போட்டேன். 'யாராவது வராங்களா'ன்னு கேட்டாங்க. இல்லன்னேன். ஒருத்தர் அவரோட பைய அதுல வெச்சுட்டுப் போயிட்டாரு.

— பையாவது உக்காந்துச்சே.

— அண்ணி, ஒண்ணு சொல்லணும்.

— அதுக்குத்தான முழுங்கவும் முடியாம துப்பவும் முடியாம நிக்கிற. சொல்லு. அடுத்த போர்வைய எடுத்துக்கிட்டே சொல்லு.

— அந்த டாக்டர் அக்கா வீட்டு மாடியில ஒரு ரூம் காலியா இருக்கு. கிளினிக்ல முன்னாடி உக்கார ஆளும் வேணுமாம். வந்துடுன்னாங்க. அந்த ஊர்ல நம்ம ஆளுங்க நிறைய பேரு. வாரா வாரம் கூடுறாங்க.

— ம்.

— என்ன ம்?

— நம்ம ஆளுங்கன்னு சொன்ன பாரு, அதுக்கு.

— அம்மாவ உங்க தலையில கட்டிட்டு ஓடுறேன்னு நினைக்காதீங்க. மாசத்துக்கு ரெண்டு தடவை வந்துடுவேன்.

— உங்கண்ணனும் அப்படித்தான் சொன்னாரு. ஒரு வருஷ வேலைன்னு போன மனுஷன். மொதல்ல வாரத்துக்கு ஒரு போன், அப்புறம் மாசத்துக்கு ஒண்ணு, இப்ப அதுவும் இல்ல.

— அண்ணன் வேற, நான் வேற. இந்த வீட்ல நான் யாருகிட்ட அண்ணி பேசுறது? அம்மாவுக்குப் பேச்சு நின்னு போச்சு. உங்களுக்கு அந்தத் தொடர்னாலே ஆகாது. நான் போட்டா அடுப்படியிலேருந்து சுவத்தத் தட்டுவீங்க.

— சரி சரி, இழு. சுருக்கம் விழுது. என்ன சண்டை அங்க? அதச் சொல்லு.

— உங்களுக்கு எதுக்கு அது?

— கைதான வேலை செய்யுது. காது சும்மாதான இருக்கு.

— கடைசிப் பாகம். கப்பல் இன்ஜின் பத்திக்கும். மெக்கானிக் ஒத்தையா உள்ள போவான். வெடிக்கும். திரை முழுக்க இருட்டு, சோகமா பாட்டு வரும், முடிஞ்சுடும். அவன் செத்தானா, இல்ல தப்பிச்சுப் போனானான்னு காட்டவே மாட்டாங்க. மண்டபமே ரெண்டு கட்சியா நிக்கும். நான் செத்தான் கட்சி.

— சாகல.

— என்ன?

— அவன் சாகல. போயிட்டான். வெடிச்சு முடிஞ்ச பிறகு அந்தப் பின்கதவு சத்தம் வருதுல்ல? கிர்ர்னு இழுக்கும். அப்புறம் டொக்குனு மெதுவா சாத்துவான். செத்தவன் கதவச் சாத்திட்டாடி போவான்?

— அந்த இடத்துல பாட்டுதான் அண்ணி வரும். நான் பாக்காததா?

— பாட்டு உன் ரூமுக்குள்ள. சுவத்துக்கு இந்தப் பக்கம், அடுப்படியில, பாட்டு அவ்வளவா கேக்காது. அந்த டொக் மட்டும் நல்லா வந்துடும். குழாய மூடிட்டு நின்னு கேப்பேன்.

— நீங்க... கேப்பீங்களா?

— ஒண்ணு விடாம கேட்டிருக்கேன். கப்பல் டாக்டரம்மா இருமுறது, கேப்டன் பொய் சொல்றதுக்கு முன்னாடி தொண்டையச் செருமுறது, எல்லாம் அத்துப்படி. சில நாள் நீ ரொம்ப மெதுவா வெச்சுடுவ. அப்பதான் தட்டுவேன்.

— குறைக்கச் சொல்லித்தான தட்டுவீங்க?

— கூட்டச் சொல்லித் தட்டுவேன். நான் தட்டத் தட்ட நீ குறைச்சுக்கிட்டே போன. சரி, நமக்குக் கேக்குறது இவளுக்குப் பிடிக்கல போலன்னு விட்டுட்டேன்.

— ஐயோ அண்ணி. எழுந்து உள்ள வந்திருக்கலாம்ல?

— உன் ரூம்ல நாற்காலி ஒண்ணுதான இருக்கு.

— ஒண்ணுதான் அண்ணி.

— போர்வை தரையில புரளுது பாரு. தூக்கு. இதுக்கெல்லாமா கண்ணக் கசக்குவாங்க?

— போர்வைய வைங்க அண்ணி. வாங்க, இப்பவே. அம்மா தூங்குறாங்க. நீங்க நாற்காலியில உக்காருங்க, நான் கட்டில்ல உக்காந்துக்கிறேன்.

— எனக்காக ஒண்ணும் மாத்திக்காத. உனக்கு அங்க போகணும்னா போ, நான் தடுக்க மாட்டேன். ஆனா திரும்பி வர மாட்டேன்னா அதச் சொல்லிட்டுப் போ. போகும்போது கதவ நல்லா சத்தமா சாத்திட்டுப் போ. மெதுவா சாத்துறதக் கேட்டது எனக்கு ஒரு தடவை போதும்.

— அதெல்லாம் அப்புறம் பேசலாம். இப்ப வாங்க. உங்களுக்கு எந்தப் பாகம் பிடிக்கும்? அதச் சொல்லுங்க மொதல்ல.

— கடைசிப் பாகம்தான். போட்டு விடு, நான் இங்க இருந்தே கேட்டுக்கிறேன். பாக்க வேணாம்.

— ஏன் அண்ணி?

— எனக்கு அவங்க யாரு மூஞ்சியும் தெரியாது சின்னு. அந்த மெக்கானிக்குக்கு நான் உங்கண்ணன் மூஞ்சியத்தான் வெச்சிருக்கேன்.