‘பார்’ என்று சொல்லும் வரை

நீங்கள் பேனாவை ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறீர்கள், மேடம். கட்டைவிரல் நகம் வெளுத்துப்போயிருக்கிறது. இப்படியே எழுதினால் சீக்கிரம் தோள்பட்டை வலிக்கும். கோல்ஃப் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் செய்யும் முதல் தவறும் இதுதான். பந்தடிக்கும் கிளப் கையைவிட்டு ஓடிப்போய்விடும் என்ற பயத்தில் அதை நெரிப்பார்கள். தெருவைக் கடக்கும்போது குழந்தையின் கையைப் பிடிப்போம் அல்லவா, அந்த அழுத்தம் போதும் என்று நான் சொல்லிக்கொடுப்பேன். நழுவவும் கூடாது, வலிக்கவும் கூடாது.

நீங்கள் அழைக்காமல் நானாக வந்ததற்குக் காரணம் உங்கள் போலீஸ் அறிக்கையில் இருக்கும் ஒரு சொல். கவனக்குறைவு. பயிற்சியாளர் கவனிக்கத் தவறியதால் அவர் மனைவி மகளின் கிளப் வீச்சில் அகப்பட்டு இறந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். துக்கத்துக்கு வந்தவர்களும் அதையே சொல்லி என்னைத் தேற்றினார்கள். “நீங்க கவனிக்கல, விதி, என்ன பண்ண முடியும்” என்றார் என் மச்சினர். எனக்கு வாயில் வந்ததை அடக்கிக்கொண்டேன். கவனிப்பதுதான் என் தொழில். ஒருவர் கிளப்பைத் தூக்குவதற்கு முன்பே, அவர் நிற்கும் நிலையை வைத்து, பந்து எந்தப் பக்கம் போய் விழும் என்று சொல்லிவிடுவேன். என்னைப் போய்க் கவனிக்காதவன் என்று எழுதினால் எப்படி?

மைதானத்தில் எனக்குத் தலைவாத்தியார் என்று பட்டப்பெயர். எந்நேரமும் ‘தலை, தலை’ என்று கத்திக்கொண்டிருப்பதால் வைத்தார்கள். வைக்கட்டும். ஆட்டத்தின் மற்ற குறைகளுக்கெல்லாம் மருந்து உண்டு. வலது முழங்கை விலகிப் பறக்கிறதா, அக்குளில் ஒரு துண்டை இடுக்கிக்கொண்டு ஆடச் சொன்னால் போதும். இடுப்பு பின்னால் நகர்கிறதா, சுவரோரம் நிறுத்தினால் தானே அடங்கும். தலை மட்டும் அப்படியில்லை. பந்தை அடித்த கணத்திலேயே அது எங்கே போனது என்று பார்க்க எல்லோருக்கும் ஆசை. தலை நிமிரும், கூடவே தோள் நிமிரும், பந்து தரையோடு தவழும். இப்போது வருகிற சின்னக் கோச்சுகள், தலையை அழுத்தி வைக்காதீர்கள், கழுத்து போய்விடும் என்று வீடியோ போடுகிறார்கள். அவர்களிடம் கற்றவர்கள் எத்தனை பேர் ஜெயித்தார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

என் மகளுக்கு அந்த ஆசை மற்றவர்களைவிட அதிகம். வீட்டில் அழைப்பு மணி அடித்தால் முதலில் ஓடுவது அவள்தான். யாராவது தும்மினால் திரும்பிப் பார்ப்பாள். கையும் இடுப்பும் தங்கம், தலை மட்டும் காற்றாடி. அதை நான் திருத்தினேன். அவள் கிளப்பைத் தூக்கும்போது பின்னால் தகர வாளியைப் போட்டு உருட்டுவேன். கதவை அறைவேன். பாம்பு என்பேன். அவள் நிமிர்ந்தால் கூடையில் இருக்கும் பந்துகள் அத்தனையையும் முதலிலிருந்து அடிக்க வேண்டும். நான் ‘பார்’ என்று சொன்ன பிறகுதான் தலையைத் தூக்கலாம். வேறு எந்தச் சத்தமும், வேறு யார் குரலும் கணக்கில் இல்லை.

வாளிக்குப் பழகினாள். பாம்புக்குக்கூடப் பழகினாள். அவள் அம்மாவின் குரலுக்கு மட்டும் பழகவில்லை. ஆகவே அவள் அம்மாவையே வரச் சொன்னேன். பின்னால் நின்று கூப்பிடு, அவ்வளவுதான் உன் வேலை என்றேன். என் மனைவி அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தபடியே கூப்பிட்டாள். “பாப்பா, அம்மா வந்துட்டேன், இங்க பாரு.” பாப்பா திரும்பினாள். நான் கூடையைக் கவிழ்த்தேன்.

“பாவங்க. நான் கூப்பிட்டதாலதான திரும்புனா” என்றாள் மனைவி.

“அதுக்குத்தான் உன்னக் கூப்பிடச் சொன்னேன்.”

அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் வந்தாள். வந்தால் சீக்கிரம் முடியும், பிள்ளை வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்திருப்பாள். தினமும் மாலையில் வந்து கூப்பிட்டாள். ஒருநாள் பாப்பா திரும்பவில்லை. பந்து நேராகப் போய் எல்லைக் கம்பத்தின் அடியில் விழுந்தது. நான் ‘பார்’ என்ற பிறகுதான் நிமிர்ந்தாள். “சரியா இருந்துச்சாப்பா?” என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மனைவி காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டு அழுதாள். ஒரே விஷயத்துக்கு இரண்டு பேரும் அழுதோம் என்றுதான் அன்று நினைத்தேன்.

வீட்டில் சண்டை அதன் பிறகுதான் ஆரம்பித்தது. பாப்பாவுக்குக் கழுத்து வலி என்று மனைவி டாக்டரிடம் காட்டினாள். டாக்டர் ஓய்வு கொடுக்கச் சொன்னாராம். அவருக்கு என்ன, சொல்லிவிட்டுப் போவார். “அவ என்கிட்ட பேசும்போதுகூடத் தரையத்தாங்க பாக்குறா” என்றாள் மனைவி. அப்படியென்றால் சரியாக வந்துகொண்டிருக்கிறது என்று சொன்னேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

அன்றைய மாலைக்கு வருகிறேன். மறுநாள் தேர்வுப் போட்டி. பந்தடிக்கும் வரிசையின் கடைசித் தடுப்பில், ரப்பர் பாயின் மேல், பாப்பா நீளமான கிளப்போடு நின்றாள். நான் அவளுக்கு எதிரே, எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றேன். நீங்கள் பார்த்த மைதானக் கேமராவில் என் முதுகுதான் தெரியும். அதனால்தான் நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று உங்களுக்குத் தெரியவில்லை. நான் பார்த்தது என் மனைவியை. வாசலிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வந்தாள்.

“பாப்பா, கிளம்பு. சித்தி வீட்டுக்குப் போறோம்.”

பாப்பா அசையவில்லை. பந்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பாப்பா, அம்மா கூப்பிடுறேன்ல.”

ஆடுபவரைத் தவிர யாரும் தாண்டக் கூடாத மஞ்சள் கோட்டை என் மனைவி தாண்டினாள். இடது பக்கமாக வந்தாள். பந்தை அடித்த பிறகு கிளப் முழு வேகத்தில் வந்து முடியும் பக்கம் அதுதான். மகளின் தோளைத் தொடக் கையை நீட்டினாள். பாப்பா அப்போதுதான் கிளப்பைப் பின்னுக்கு எடுக்க ஆரம்பித்தாள்.

நேரம் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. என் மனைவி வாசலிலிருந்து நடந்து வந்த நேரம் முழுக்க இருந்தது. ‘பார்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பாப்பா நிமிர்ந்திருப்பாள், கிளப் நின்றிருக்கும். சொல்லவில்லை. மறந்தோ பதறியோ அல்ல. சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஏனென்றால் முழங்கை ஒட்டியிருந்தது, இடுப்பு தன் இடத்தில் திரும்பியது, தலை இம்மிகூட அசையவில்லை. பெற்ற தாய் காதருகே நின்று கூப்பிட்டும் அசையவில்லை. இத்தனை வருடமாக நான் உழைத்து உருவாக்கிய வீச்சு அது. அதைப் பாதியில் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. பந்து எவ்வளவு நேராகப் போனது என்பதை அந்த மைதானத்தில் நான் ஒருவன்தான் பார்த்தேன்.

பெட்டி காரில் இருந்தது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். காலையிலேயே பார்த்துவிட்டேன். பாப்பாவின் துணிகளையும் பள்ளிக்கூடப் புத்தகங்களையும் எடுத்து வைத்திருந்தாள். கிளப்புகளை எடுத்து வைக்கவில்லை. அன்று போனால் திரும்பி வரமாட்டார்கள் என்றும் தெரியும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கவனக்குறைவு என்ற சொல்லை அடித்துவிட்டு எழுதுங்கள்.

அம்மா கூப்பிட்டது காதிலேயே விழவில்லை என்று பாப்பா உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அது பொய். அவளைக் குறை சொல்லாதீர்கள், சித்தி சொல்லிக்கொடுத்திருப்பாள். அவளுக்குக் கேட்டது. கேட்டும் நிமிராமல் இருப்பதற்குத்தான் பயிற்சி.

என்னை மறுபடி அந்த இடத்தில் நிறுத்தினாலும் வாயைத் திறக்க மாட்டேன். இதை எந்த நீதிபதி முன்னாலும் சொல்வேன்.

பிள்ளை உடைந்துபோய்விட்டாள், குனிந்த தலை குனிந்தபடியே கிடக்கிறாள், யாரோடும் பேசுவதில்லை என்று அவள் சித்தி உங்களிடம் புலம்பியதாகச் சொன்னீர்கள். அவர்களுக்கு ஆட்டம் தெரியாது. சற்று முன் வெளியே பெஞ்சில் அவளைப் பார்த்தேன். சித்தியின் பக்கத்தில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் அவள் முன்னால் போய் நின்று ‘பார்’ என்றேன். உங்கள் காவலர்கூடத் திரும்பிப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. இப்போது என் குரலுக்குக்கூட அந்தத் தலை அசைவதில்லை, மேடம். இப்படி ஒரு மாணவியை யாராவது உருவாக்கியிருக்கிறார்களா, சொல்லுங்கள்.